கம்பளமும் பூனையும்: கழுவும் இயந்திரம் வாங்குமுன்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வீட்டுக் கம்பளத்தைப் பற்றி. தோட்டத்து மக்களுக்குக் கம்பளத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் அந்த எண்ணம் சரியாகவே இருந்தது. லயத்து வீடுகளில் சிமெண்டுத் தரை. அதன் மேல் மெங்குவாங் பாய். கொஞ்சம் வசதி வந்தபோது பூப்போட்ட ரப்பர் பாய். பாயை உதறிக் கொடியில் போட்டால் வேலை முடிந்தது. இப்போது நிலைமை வேறு. பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோ தீபாவளிக்கு வரும்போது ஒரு கம்பளத்தைச் சுருட்டிக் கொண்டு வந்து கூடத்தில் விரித்துவிட்டுப் போகிறார்கள். தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் கம்பளம் இருக்கிறது. அதன் மேல் குழந்தை தவழ்கிறது. குழந்தைக்குப் பக்கத்தில் பூனை படுத்திருக்கிறது.

பூனையும் நாயும் நமக்குப் புதியவை அல்ல. எலிக்குப் பூனையும் காவலுக்கு நாயும் தோட்டத்தில் எப்போதும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வாசலோடு நின்றன. பூனை அடுப்பங்கரைச் சாம்பலில் படுத்தது. நாய் படிக்குக் கீழே கிடந்தது. இப்போது பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்து, மடியில் தூக்கி வைத்து, கூடத்திலேயே வளர்க்கிறார்கள். வளர்க்கட்டும். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கம்பளமும் பிராணியும் ஒரே கூடத்தில் இருந்தால், அதற்கென்று சில வேலைகளும் கூடவே வந்து சேருகின்றன.

இந்த வேலையைத்தான் விற்பனைக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் இயந்திரத்தோடு வருவார். கம்பளத்தின் மேல் இரண்டு இழுப்பு இழுத்து, தொட்டியில் சேர்ந்த கறுப்புத் தண்ணீரைக் காட்டுவார். "பார்த்தீங்களா அக்கா, இதுமேலதான் உங்க பிள்ளை படுக்குது" என்பார். தாய்க்கு மனம் பதறும். "மாசம் 180 வெள்ளிதான் அக்கா, 36 மாசம் கட்டினா போதும்" என்பார். 180ஐ 36ஆல் பெருக்கிப் பாருங்கள்: 6,480 வெள்ளி. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் ஏறக்குறைய நான்கு மாத உழைப்பு ஓர் இயந்திரத்துக்குப் போகிறது.

தண்ணீர் கறுத்தது பொய்யல்ல. எந்த வீட்டுக் கம்பளத்தைக் கழுவினாலும் தண்ணீர் கறுக்கத்தான் செய்யும். வாளியில் ஊறப் போட்ட பள்ளிச் சட்டையைப் பிழிந்தாலும் கறுக்கும். அதனால் அந்த விலையுள்ள இயந்திரம்தான் வேண்டும் என்று ஆகிவிடாது. ஆகவே, கம்பளத்துக்குள் என்ன தங்குகிறது, இயந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

கம்பளத்தை ஒரு சிறு புல்வெளி என்று எண்ணிக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் நூல்கள் புல். அடியில் இருக்கும் துணி மண். நூல் பிடுங்கிக்கொண்டு வராமல் துணியோடு பிடித்து வைப்பது ஒரு பசை. கடைகளில் கிடைக்கும் பல கம்பளங்களில் இந்தப் பசையும் ஒருவகை ரப்பர்ப் பால்தான். ஆனால் அது நாம் மரத்தில் வெட்டி எடுக்கும் பால் அன்று. பெட்ரோலியப் பொருள்களிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படும் செயற்கைப் பால். பிராணியின் முடி புல்நுனியில் சிக்கி நிற்கும். உதிர்ந்த தோல் துகளும் தூசியும் நடுவில் தங்கும். சிறுநீரோ மேலும் நடுவும் கடந்து அடித்துணி வரை இறங்கிவிடும். மேலே தேநீர்க் கோப்பை அகலத்துக்குக் கறை தெரிந்தால், அடியில் அது தட்டு அகலத்துக்குப் பரவியிருக்கலாம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவதெல்லாம் எளிதில் விளங்கும்.

முடியை எடுக்க இயந்திரமே தேவையில்லை. கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, கம்பளத்தை ஒரே பக்கமாகத் தேய்த்து இழுத்தால் முடி திரண்டு உருண்டையாக வரும். ரப்பர் உறை இல்லாவிட்டால், நன்றாகக் கழுவிக் காய்ந்த பழைய ஜப்பான் சிலிப்பரின் அடிப்பக்கமும் அதே வேலையைச் செய்யும். ரப்பருக்கு முடியைப் பற்றி இழுக்கும் குணம் உண்டு. இந்த வேலையைக் கம்பளம் உலர்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். முடியை எடுக்காமல் நனைத்துவிட்டால் அது பிசைந்த மாவுபோல் நூலோடு ஒட்டிக்கொள்ளும்; கழுவும் இயந்திரத்தின் வாயையும் அடைத்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமானாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

இழைப்பு உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் முடியைவிடத் தோல் துகளைத்தான் கவனிக்க வேண்டும். பூனைமுடிதான் இழைப்பை உண்டாக்குகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒருவகைப் புரதமே பலருக்கு ஒவ்வாமல் போகிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் படிகிறது. காய்ந்து, மிக நுண்ணிய துகளாகிக் காற்றில் மிதக்கிறது. பிறகு கம்பளத்தில் இறங்குகிறது. பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்த பிறகும் அது மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். இதை எடுக்க ஏற்றது நீரில்லாமல் உறிஞ்சும் வெக்யூம் இயந்திரம். ஆனால் அதன் வடிகட்டி நன்றாக இருக்க வேண்டும். மட்டமான வடிகட்டி இருந்தால், முன்பக்கம் உறிஞ்சிய தூசி பின்பக்கம் வழியாகப் பிள்ளையின் மூக்குக்கே வந்து சேரும். ஹெப்பா என்று பெயர் போட்ட வடிகட்டி நுண்ணிய துகளையும் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் தள்ளிப் பயன்படுத்தும் மின்சார வெக்யூம் இயந்திரத்தின் கதை ஓர் இழைப்புக்காரரிடம் தொடங்குகிறது என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில், கேன்டன் நகரத்தில், ஒரு பெரிய கடையைப் பெருக்கும் வேலை செய்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர். கம்பளத்தைப் பெருக்கப் பெருக்கத் தூசி கிளம்பி அவருடைய இழைப்பு அதிகமாயிற்று. அவர் ஒரு விசிறியின் மோட்டார், ஒரு பெட்டி, ஒரு துடைப்பக் கழி, ஒரு தலையணை உறை ஆகியவற்றை ஒன்று சேர்த்து, தூசியை உறிஞ்சி உறைக்குள் தள்ளும் கருவியைச் செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை ஹூவர் குடும்பத்தார் வாங்கினார்கள். பெருக்குகிறவரின் மூச்சைக் காப்பாற்றச் செய்த கருவி அது.

தெள்ளுப்பூச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாயையும் பூனையையும் கடிக்கும் தெள்ளுப்பூச்சி முட்டையிடுவது பிராணியின் உடம்பில்; ஆனால் முட்டை அங்கே நிற்பதில்லை, உதிர்ந்து கம்பளத்தில் விழுகிறது. அங்கே புழுவாகி, கூடு கட்டி, பிறகு பூச்சியாக வெளிவந்து மீண்டும் பிராணி மேல் ஏறுகிறது. கூட்டுக்குள் இருக்கும் காலத்தில் மருந்தும் அதை எளிதில் அண்டாது. ஆகவே கம்பளத்தை மட்டும் கழுவிவிட்டுப் பிராணிக்கு மருந்து போடாமல் விட்டால் வேலை வீண். மருந்து போடும்போது நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடக் கூடாது. நாய்க்கு விற்கும் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றே போடும்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். அதுதான் சிறுநீர்.

பூனையின் சிறுநீர் ஏன் அப்படி நாறுகிறது? பூனை இறைச்சி தின்னும் பிராணி. தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அதன் சிறுநீர் கெட்டியானது. கடுவன் பூனையின் சிறுநீரில் நாற்றத்துக்கென்றே தனிப்பொருள் ஒன்று சுரக்கிறது. விதையடிக்காத கடுவனிடம் அது மிக அதிகம். கம்பளத்தில் இறங்கிய சிறுநீரை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. நீர் வற்றியதும் உப்புகளும் நாற்றப் பொருள்களும் நூலோடு காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. இவற்றில் சில வெறும் தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை. அதனால்தான் நன்றாகக் கழுவியாயிற்று என்று நாம் நினைத்த கம்பளம், மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய அன்று மீண்டும் நாறுகிறது. மனித மூக்குக்குத் தெரியாத அளவு நாற்றம் இருந்தாலும் பூனைக்குத் தெரியும். அது அதே இடத்துக்கு வந்து மீண்டும் இருக்கும்.

புதிதாகப் பட்ட சிறுநீருக்கு இயந்திரத்தைவிட வேகமே பெரிது. பழைய துணியை மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். உடல் பாரம் முழுவதும் இறங்க வேண்டும். துணி நனைந்ததும் மாற்றுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கறை அகலமாகும். பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடியும் அதே போல் அழுத்தி எடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். சிறுநீர், வாந்தி, இரத்தம் இவற்றில் உள்ள புரதம் சூட்டில் முட்டை வெள்ளைபோல் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பிறகு போட வேண்டியது என்சைம் கலந்த திரவம். பிராணிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். என்சைம் என்பது பெரிய பொருளைச் சிறு துண்டுகளாக அறுத்துப் போடும் ஒரு பொருள். நம் வயிற்றில் சோற்றைச் செரிக்க வைப்பதும் என்சைம்தான். அது வேலை செய்ய நேரம் வேண்டும். தெளித்த உடனே துடைத்துவிட்டால் காசு வீண். புட்டியில் எழுதிய நேரம் வரை ஈரமாகவே விட வேண்டும். சிறுநீர் எவ்வளவு ஆழம் போயிற்றோ அவ்வளவு ஆழம் அதுவும் போக வேண்டும். அது வாங்க வசதி இல்லையென்றால் ஒரு பங்கு வெள்ளைக் காடிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து விடலாம். காடி அம்மோனியா வாடையைக் குறைக்கும். ஆனால் என்சைம் செய்வதை எல்லாம் செய்யாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வழக்கமாக மண்தொட்டியில் போகும் பூனை திடீரென்று கம்பளத்தில் சொட்டுச் சொட்டாக இருந்தால் உடனே அடிக்காதீர்கள். நீர்ப்பாதையில் நோய் இருக்கலாம். கடுவன் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் நீர் வராவிட்டால் பாதை அடைத்துக்கொண்டது என்று பொருள். ஓரிரு நாளில் இறந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும். அடிக்கடி சுவரிலும் கம்பளத்திலும் பீய்ச்சும் கடுவனுக்கு விதையடிப்பதே முதல் மருந்து. பெரும்பாலான பூனைகள் அதோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிடும். அந்தச் செலவு வாசலுக்கு வரும் விற்பனைக்காரரின் இயந்திர விலையைவிடக் குறைவு.

சரி, கழுவும் இயந்திரம் என்ன செய்கிறது? அதில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றில் மருந்து கலந்த நல்ல தண்ணீர், இன்னொன்று காலி. விசையை அழுத்தினால் நல்ல தண்ணீர் கம்பளத்தில் பீய்ச்சப்படுகிறது. தூரிகை நூலைக் கிளறுகிறது. பிறகு மோட்டார் அந்தத் தண்ணீரை அழுக்கோடு உறிஞ்சிக் காலித் தொட்டியில் சேர்க்கிறது. இவ்வளவுதான். பீய்ச்சுவதை வாளியும் செய்யும். கிளறுவதைத் தூரிகையும் செய்யும். நம் கையால் ஆகாத வேலை உறிஞ்சுவது ஒன்றுதான். எனவே விலை கொடுப்பது உறிஞ்சும் பலத்துக்கே. தூரிகை எத்தனை வரிசை, விளக்கு எத்தனை நிறம் என்று விற்பனைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் கடையில் ஒரு கம்பளத் துண்டை நனைத்து உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதன் மேல் காய்ந்த வெள்ளைத் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். துணி சொதசொதவென்று நனைந்தால் அந்த இயந்திரம் வேண்டாம்.

உறிஞ்சுவதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், நம் நாட்டுக் காற்று ஈரக்காற்று. ஈரமான கம்பளம் ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் காய்ந்துவிட வேண்டும். காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் இழைப்புக்காரப் பிள்ளைக்குக் கெடுதல். குளிர்நாட்டில் எழுதிய விளம்பரத்தில் சில மணி நேரத்தில் காயும் என்று இருக்கும். நவம்பர், டிசம்பர் அடைமழையில் மூடிய அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. ஆகவே வெயில் அடிக்கும் காலத்தில், காலையிலேயே கழுவுங்கள். ஒரு முறை தண்ணீர் விட்டு இழுத்தால், மூன்று நான்கு முறை தண்ணீர் விடாமல் இழுங்கள். உறிஞ்சும் குழாயில் தண்ணீர் ஓடுவது நிற்கும் வரை இழுக்க வேண்டும். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அடியில் ஒரு நாற்காலியை வைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டால் அடித்துணியும் காயும்.

நீராவி இயந்திரம் என்று ஒன்றையும் விற்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீராவி இயந்திரம் சூட்டைக் கொடுக்கும். அழுக்கை உறிஞ்சி எடுக்காது. ஓட்டுத்தரைக்கும் குளியலறைக்கும் அது நல்லது. சிறுநீர் பட்ட கம்பளத்துக்கு ஆகாது. சூட்டில் கறை இறுகும், அடியில் உள்ள பசையும் தளரும்.

கழுவும் இயந்திரத்தில் துணி துவைக்கும் தூளைப் போடக் கூடாது. நுரை பொங்கி மோட்டாருக்குள் போகும். போகாவிட்டாலும் கம்பளத்தில் பிசுபிசுப்பாகத் தங்கி முன்னைவிட வேகமாக அழுக்கை இழுக்கும். நுரை குறைந்த மருந்தைச் சொன்ன அளவில் போட வேண்டும். சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் கருவி ஆகையால் சிரிம் முத்திரை இல்லாததை வாங்க வேண்டாம். ஒரே பிளக்கில் சோற்றுப்பானை, தொலைக்காட்சி, இயந்திரம் என்று கோத்துவிடாமல் சுவர்ப் பிளக்கில் நேராக மாட்ட வேண்டும். வெறும் தூசி வெக்யூமைக் கொண்டு தண்ணீரை உறிஞ்சப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

இனி மருந்துகள். நாற்றம் பொறுக்காமல் நம் வீடுகளில் செய்யும் சில காரியங்கள் சிறுநீரைவிடக் கெடுதலானவை. குளோரோக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வெளுப்பு மருந்தைச் சிறுநீர் மேல் ஊற்றக் கூடாது. அதில் உள்ள குளோரின் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயுவாகும். கண்ணும் தொண்டையும் எரியும், மூச்சு அடைக்கும். வெளுப்பு மருந்தோடு காடியைக் கலந்தாலும் நச்சுவாயுதான். தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளில் பலவற்றில் பீனால் வகைப் பொருள் இருக்கிறது. மனிதனின் கல்லீரல் அதைச் சமாளிக்கும். பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி குறைவு. பூனை அந்தத் தரையில் நடந்து, பாதத்தை நக்கி, நஞ்சை உள்ளே வாங்கிக்கொள்ளும். யூகலிப்டஸ் தைலமும் பூனைக்கு ஆகாது.

அந்துருண்டையைப் பற்றித் தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கம்பளத்துக்கு அடியில் நாலு உருண்டை போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நாப்தலீன் உருண்டை பூனைக்கு நஞ்சு. அதோடு, ஜி6பிடி குறை உள்ள பிள்ளைக்கு அது இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையும் சோகையும் உண்டாக்கும். நம் மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் இந்தக் குறை இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். குறை இருந்தால் குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள். சாம்பிராணிப் புகை நாற்றத்தை மறைக்குமே தவிர எடுக்காது. இழைப்பு உள்ள வீட்டில் புகை கூடாது. மஞ்சள் தண்ணீர் தெளிப்பதையும் கம்பளத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பூனைக்கறை போனாலும் மஞ்சள்கறை போகாது.

கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைத் தொட வேண்டாம். அதில் ஒருவகை நுண்ணுயிர் இருக்கக்கூடும். வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். மலத்தில் வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகையால் மண்தொட்டியை அன்றன்றே வேறொருவர் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து மிகவும் குறையும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? ஒரு கூடம், ஒரே கம்பளம், ஒன்றிரண்டு பூனை என்றால், ஆள் உயரத்துக்கு நின்று தள்ளும் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. அதை வைக்கவே ஒரு மூலை வேண்டும். தூசியும் தண்ணீரும் இரண்டையும் உறிஞ்சும் பீப்பாய் வடிவ வெக்யூம் சில நூறு வெள்ளிக்கு இரும்புச் சாமான் கடைகளிலேயே கிடைக்கிறது. தெளிக்கும் புட்டி ஒன்றை வைத்துக்கொண்டால், அதுவும் தூரிகையும் சேர்ந்து பெரிய இயந்திரத்தின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். மழை ஒழுகினாலும் வாய்க்கால் ஏறினாலும் அதே வெக்யூம் தண்ணீரை எடுக்கும். சாய்வு நாற்காலி, மெத்தை, பிள்ளையின் கட்டில் என்று பல இடத்தில் கறை படும் வீட்டுக்குக் கையில் தூக்கும் சிறிய கழுவும் இயந்திரம் ஏற்றது. கூடம் முழுவதும் ஒட்டிப்போட்ட கம்பளமும் பல நாய்களும் உள்ள வீட்டுக்குத்தான் பெரியது.

எதையும் வாங்காமலும் இருக்கலாம். ஆறடிக்கு நாலடி போன்ற சிறிய கம்பளத்தை வெளியே கொண்டு வந்து, தட்டி, சாய்வான சிமெண்டில் விரித்து, ரப்பர்க் குழாயால் பின்பக்கத்திலிருந்தும் தண்ணீர் பாய்ச்சி, தரை வழிக்கும் ரப்பர்க் கட்டையால் வழித்துவிட்டுப் பிறகு கம்பியில் போட்டால் நன்றாகக் காயும். ஈரக் கம்பளம் கனக்கும். இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பெரிய கம்பளத்தை ஆண்டுக்கு இரண்டு முறை டோபிக் கடையில் கொடுக்கலாம். சதுர அடிக் கணக்கில் கூலி கேட்பார்கள். சிறுநீர் பட்ட இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டிக் கொடுங்கள்.

வாசலுக்கு வந்த விற்பனைக்காரரிடம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் வீடு தேடி வந்து விற்பவர்களையும் கட்டுப்படுத்துகிறது. 300 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து 10 வேலை நாள்களுக்குள் அதை ரத்து செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு. வாயால் சொன்னால் போதாது. கடிதமாக எழுதி, ஒரு நகல் வைத்துக்கொண்டு, பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். "பெட்டியைத் திறந்துட்டீங்களே அக்கா, இனிமே முடியாது" என்று அவர் சொன்னால் அதை நம்பி நின்றுவிடாமல், உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கிளை அலுவலகத்தில் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையுள்ள வழக்கை அது விசாரிக்கும். மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

இயந்திரம் வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கழுவி முடித்தவுடன் அழுக்குத் தொட்டியைக் கழிவறையில் கொட்டி, இரண்டு தொட்டிகளையும் அலசி, தூரிகையில் சுற்றிய முடியைக் கத்தரித்து எடுத்து, எல்லாவற்றையும் திறந்தபடியே வெயிலில் வையுங்கள். மூடி வைத்தால் அடுத்த முறை அந்த நாற்றத்தைத்தான் கம்பளத்தில் பீய்ச்சும். மிச்சமான நல்ல தண்ணீரை "பிறகு ஆகும்" என்று வாளியில் வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் கிடைத்தால் அதற்குப் போதும்.